நிலைய விதிப் புத்தகமும் கணினியின் அமைப்புக் கோப்புகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் பேச வல்லார் பலர் அமர்ந்துள்ள இம்மேடையில் கணினியைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். காரணம் இல்லாமல் இல்லை. நம் நூலகத்துக் கணினியில் ஓடுவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். அதனை அமைத்துத் தந்த அன்பர், காலனியில் பலர்க்கும் நேர்வது போலவே, மாற்றல் உத்தரவு பெற்று வேறு கோட்டத்துக்குச் சென்றுவிட்டார். அச்சுப்பொறி ஒழுங்காக வேலை செய்வதும், பிள்ளைகள் பயிலும் இரண்டு கணினிகளிலிருந்து நூற்பட்டியலைக் காண முடிவதும் அவர் செய்து வைத்த ஏற்பாடுகளே. அவை அனைத்தும் ஒரே வட்டுக்குள் இருக்கின்றன. அவ்வட்டு ஒருநாள் பழுதுபட்டால் என் செய்வது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இரயில்வே குடும்பத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. பொது விதிகள் என்னும் புத்தகம் இந்தியா முழுமைக்கும் ஒன்றே. கிழிந்து போனால் வேறொன்று பெற்றுக்கொள்ளலாம். ஆனால் நிலைய வேலை விதிகள் என ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியே ஒன்று உண்டு. அங்கே எத்தனை பாதைகள், எந்தக் கைகாட்டி எங்கே நிற்கிறது, எந்தக் கேட்டை எவ்வாறு மூடுவது என்பன அந்நிலையத்துக்கு மட்டுமே உரியவை. அதனால்தான் அதன் பிரதி கோட்ட அலுவலகத்திலும் இருக்கிறது. பக்கத்து நிலையத்துப் புத்தகம் இங்கே உதவாது, அபாயமும் கூட.

கணினியும் அவ்வாறே. லினக்ஸையும் அதன் செயலிகளையும் வலையிலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவற்றை நம் இடத்துக்கு ஏற்றவாறு இயங்கச் செய்யும் அமைப்புக் கோப்புகளோ உலகில் வேறெங்கும் கிடையா. அவை பெரும்பாலும் 'எட்ஸி' என்னும் அடைவில் உள்ளன. 'முதலியன' என்று பொருள்படும் எட்செட்ராவின் குறுக்கம் அது. யூனிக்ஸ் தோன்றிய காலத்தில் வேறிடத்தில் அடங்காதவற்றைப் போட்டு வைத்த மூலை, இன்று கணினியின் ஆணைக்களமாகிவிட்டது! அளவோ மிகச் சிறிது; சாதாரணக் கணினியில் சில மெகாபைட்டுகளே இருக்கும். திருமணப் படங்களுக்குக் கொடுக்கும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இதற்கு வேண்டியதில்லை.

அப்படியாயின் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டால் போதாதா என்பீர்கள். போதாது. ஒவ்வொரு கோப்புக்கும் உடையவர் யார், படிப்பவர் யார், எழுதுபவர் யார் என்ற குறிப்புகள் உண்டு. பென் டிரைவுகளில் வழங்கும் ஃபேட் முறையில் அக்குறிப்புகளுக்கு இடமில்லை. எழுத்து வரும், உரிமை வராது. 'சுடோயர்ஸ்' என்னும் கோப்பின் உடைமையும் உரிமையும் மாறியிருந்தால், அதனை நம்பும் சுடோ கட்டளை வேலை செய்யவே மறுத்துவிடும். ஆகவே முதலில் 'டார்' என்னும் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். நாடாவில் பதிவு செய்வதற்காக எழுந்த கட்டளை அது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்தது. உரிமைக் குறிப்புகளும் கட்டுக்குள்ளேயே அடங்குவதால், பிறகு எந்த டிரைவில் வைத்தாலும் குற்றமில்லை. ஆயினும் 'ஷேடோ' என்னும் கோப்பில் கடவுச்சொற்களின் மறைவடிவம் இருப்பதால், அக்கட்டைப் பூட்டி வைப்பது அவசியம். மேசைமேல் கிடக்கத் தகுந்த பொருளன்று அது.

எட்ஸிக்கு வெளியே குடியிருக்கும் சிலவும் உண்டு. குறித்த நேரத்தில் தானே நடக்கும் வேலைகளின் பட்டியல் 'வார்' அடைவின் கீழ் இருக்கும்; நாமே எழுதிய சிறு நிரல்கள் 'யூசர் லோக்கல்' அடைவில் இருக்கும். நிறுவிய செயலிகளின் பெயர்ப் பட்டியலையும் உடன் சேர்ப்பது நன்று.

இன்னொரு கருவி 'எட்ஸிகீப்பர்'. எட்ஸியில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் நாளேடு போல இது பதிந்து வைக்கும். செயலி ஒன்றை நிறுவும்போது தானாகவே பதியும். நேற்று ஓடிய அச்சுப்பொறி இன்று ஏன் ஓடவில்லை என்பதற்கு, எந்த வரி எப்போது மாறியது என்று விடை கூறும். நமக்கு இதில் பெருவிருப்பம் உண்டு. ஆனால் அந்த நாளேடு எட்ஸிக்குள்ளேயே, அதே வட்டில் அமர்ந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. வட்டு போனால் நாளேடும் போம். அதன் பிரதியும் வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

1998இல் அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் 'டாய் ஸ்டோரி' படத்தின் இரண்டாம் பாகத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, அழிக்கும் கட்டளை ஒன்று ஓடி, படத்தின் கோப்புகளில் பெரும்பகுதியை நீக்கிவிட்டது. காப்புப் பிரதியைத் தேடினால், அது சில காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை! கேலின் சஸ்மன் என்னும் அம்மையார் அப்போது கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை செய்து வந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியே பெரும்பகுதியை மீட்டுத் தந்தது. அமைப்புக் கோப்புகளின் கதையன்று இது; எனினும், திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருப்பது எத்தகையது என்பதைக் காட்டுகிறது.

இனி மீட்பு. 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பில் ஒரு வரி பிழையாக இருந்தால் கணினி பாதி வழியில் நின்றுவிடக் கூடும். பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸைக் கொண்டு கணினியை எழுப்பி, உள்வட்டை இணைத்து, அந்த ஒரு கோப்பை மட்டும் பழைய பிரதியிலிருந்து வைத்தால் மீண்டும் ஓடும். ஆனால் வட்டே போய்ப் புது வட்டு வந்திருந்தால், பழைய எட்ஸி முழுவதையும் அதன்மேல் கொட்டுவது பெருங்கேடு. எஃப்எஸ்டேபில் குறித்திருப்பது பழைய வட்டின் அடையாள எண். புது வட்டின் எண் வேறு. பயனர்களின் எண்களும் மாறியிருக்கலாம். அதனால் ஒருவர் கோப்பு மற்றொருவர்க்கு உடைமையாகிவிடும். பக்கத்து நிலையத்துப் புத்தகம் என்று சொன்னோமே, அதுதான் இது. கட்டைத் தனி அடைவொன்றில் அவிழ்த்து, 'டிஃப்' என்னும் கட்டளையால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். கணக்குக் கிளையில் பேரேட்டைச் சரிபார்த்துப் பழகியவர்க்குப் பாரமாகத் தோன்றாது.

நூலகக் கணினியின் முதற்பிரதியைச் சென்ற வாரம் எடுத்தாயிற்று. ஒன்று செயலாளர் அவர்களின் இல்லத்துப் பெட்டியிலும், மற்றொன்று நம் வீட்டிலும் இருக்கின்றன. வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு, ஒதுக்கிக் கிடக்கும் பழைய கணினியில் புதிதாக லினக்ஸை நிறுவி, அப்பிரதியிலிருந்து அச்சுப்பொறியையும் நூற்பட்டியலையும் மீட்டுப் பார்க்கவிருக்கிறோம். எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகள் வரலாம். மகளிரும் வருதல் வேண்டும். மாற்றல் உத்தரவு எப்போது எவர்க்கு வருமென்று சொல்ல இயலாதாகையால், இவ்வேலை தெரிந்தவர் காலனியில் நால்வரேனும் இருத்தல் நலம். நாற்காலிகள் பன்னிரண்டே இருப்பதால், பெயர்களை நூலகத்தில் முன்கூட்டியே கொடுத்துவிடக் கோருகிறோம்.