கூடாரத்து நிலக்கரி அடுப்பு
(கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



அடுப்பைப் பற்றிக் கிராணிக்கு என்ன தெரியும் என்று தாய்மார்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! ஆனால் லயத்து வீட்டில் ரப்பர் விறகை மூட்டிக் கண் கசிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் புகை நம் கூரையோடு போயிற்று. ஒரு தலைநகரமே அடுப்புப் புகையில் மூழ்கிய கதையைச் சொல்லவே வந்தேன்.

மங்கோலியாவின் தலைநகர் உலான்பாத்தர். உலகத் தலைநகரங்களிலே குளிர் மிகுந்தது. குளிர்கால இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை இறங்கும். நகரைச் சுற்றியுள்ள மேடுகளில், கம்பளிக் கூடாரங்களிலும் சிறு வீடுகளிலும், நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் குடியிருக்கிறார்கள். பலர் ஆடு மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். 2009–10 குளிர்காலத்தில் மட்டும் அந்நாட்டுக் கால்நடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மடிந்தது. மந்தையை இழந்தவன் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தான். அடுக்குமாடி வீடுகளுக்குக் குழாயில் வெந்நீர் வந்து அறையைச் சூடாக்கும். மேட்டுக் கூடாரத்துக்கு அது ஏது? இரும்பு அடுப்பில் நிலக்கரியைப் போட்டுத்தான் சமையலும் குளிர் காய்தலும்.

மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊர். புகை வெளியேற வழியில்லை. குழந்தைகளுக்கு இருமலும் நிமோனியாவும் வந்தன. பழி யார்மேல் விழுந்தது? கூடாரக்காரன்மேல்!

புதிய அடுப்பின் சூட்சுமத்தைக் கேளுங்கள். நிலக்கரி சூடேறியதும் முதலில் தார் கலந்த ஆவியைக் கக்கும். பழைய அடுப்பில் தணல்மேல் புதுக்கரியைக் கொட்டினால், அந்த ஆவி எரியாமலே கரும்புகையாகப் போய்விடும். புதிய அடுப்பில் கரியை முதலிலேயே நிரப்பி, மேலிருந்து பற்றவைக்க வேண்டும். நெருப்பு மெல்லக் கீழே இறங்கும். கீழிருந்து எழும் ஆவி மேலே உள்ள தணலையும் சுவாலையையும் கடந்தே போகவேண்டும். அங்கேயே அது எரிந்துவிடும். புகை குறையும், கரியும் மிச்சமாகும்.

அமெரிக்க உதவி நிதியைக் கொண்டு, விலையில் பெரும்பகுதியை மானியமாகத் தந்து, 2011, 2012 ஆண்டுகளில் 90,000-க்கும் அதிகமான அடுப்புகளை விற்றார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடுநிசியில் நெருப்பு தணிந்து பிள்ளைகள் நடுங்கும்போது தாய் என்ன செய்வாள்? அடுப்பு அணைந்து ஆறட்டும், மறுபடி நிரப்பி மேலிருந்து மூட்டலாம் என்று காத்திருப்பாளா? தணல்மேலேயே கரியைக் கொட்டுவாள். கொட்டியதும் பழைய புகை! அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி சின்னக் கேள்வியல்ல. 1952 டிசம்பரில் லண்டனில் நிலக்கரிப் புகையும் பனியும் கலந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1956-இல் அங்கே சுத்தக் காற்றுச் சட்டம் வந்தது. புகை கட்டுப்படுத்தப்பட்ட வட்டாரத்தில் அடுப்பை மாற்ற ஆகும் நியாயமான செலவில் பத்தில் ஏழு பங்கை நகரசபை திருப்பித் தரவேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். மாற்று என்று உத்தரவு போட்டவர்கள் பணப்பையையும் திறந்தார்கள்.

உலான்பாத்தருக்கே திரும்புவோம். 2019 மே மாதம் பச்சை நிலக்கரியை எரிக்கத் தடை விதித்தார்கள். அதற்குப் பதிலாக, கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை மலிவு விலைக்கு விற்றார்கள். அந்தக் குளிர்காலத்தில் காற்றில் தூசு வெகுவாகக் குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் குளிர் தொடங்கிய நாட்களிலேயே கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவால் சிலர் தூக்கத்திலேயே மாண்டனர். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. கரும்புகையாவது கண்ணுக்குத் தெரியும், தோழர்களே!

எரிபொருள்மேல்தான் குற்றம் என்றார்கள் மக்கள். புகைபோக்கி அடைத்திருந்தது, அடுப்பில் ஓட்டை இருந்தது என்றார்கள் அதிகாரிகள். புகைபோக்கியைத் துடைக்கவும் ஓட்டையை அடைக்கவும் கோடைமுழுதும் நாள் இருந்ததே! வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பியிருந்தால் எத்தனை செலவாகியிருக்கும்? விஷவாயுவைக் கண்டால் ஒலி எழுப்பும் கருவியைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். சாவு விழுந்த பிறகு கொடுத்தார்கள்.