இடிந்த சுவரின் மண்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இளம்பிள்ளைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் நடத்துகிறேன். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். ஐப்பசி மழையில் ஒரு நெசவாளர் வீட்டு மண்சுவர் இரவோடு இரவாக விழுந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மறுவாரம் அவர் மகன், என் எட்டாம் வகுப்பு மாணவன், கேட்டான்:

"சார், இடிஞ்ச மண்ண அள்ளிக் கொட்ட லாரிக்குக் காசு. புது மண்ணு வாங்கவும் காசு. இதே மண்ண வெச்சுக் கட்டக்கூடாதுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலையால் சுமார் 2 கோடி டன் இடிபாடு குவிந்தது. அது போக, கடல் கொண்டுவந்து சேர்த்த மண் மட்டும் ஏறத்தாழ 1 கோடி டன். கொட்ட இடமில்லை, ஆனால் கரை கட்டவும் தாழ்ந்த நிலத்தை உயர்த்தவும் மண் வேண்டும். ஆகவே இடிபாட்டைச் சலித்து மண்ணைப் பிரித்தெடுத்தார்கள். ஈர மண் சல்லடையில் அப்பிக்கொள்ளும் அல்லவா? சுண்ணாம்பு போன்ற பொருளைக் கலந்து உதிரியாக்கிச் சலித்தார்கள். மரத்துணுக்குகளை நீக்குவதுதான் பெரிய வேலை. அவை உள்ளே தங்கினால் நாளடைவில் மக்கி, மேலே தரை இறங்கிவிடும். உப்பு தங்கினால் இரும்புக் கம்பி அரிக்கும், செடி பிழைக்காது.

சுவருக்கு வேறு கணக்கு. 2001 குஜராத் நிலநடுக்கத்துக்குப் பின், ஆரோவில் மண் கட்டுமான நிறுவனத்தார் கட்ச் பகுதியில் அழுத்திய மண்கற்களால் 62 மணி நேரத்தில் ஒரு மாதிரி வீட்டை எழுப்பிக் காட்டினார்கள். மண்ணோடு சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்தி, நான்கு வாரம் பதப்படுத்திய கற்கள் அவை, சூளை தேவையில்லை. ஆனால் சிமெண்ட் சேர்க்கும் மண்ணில் பாதியாவது மணல் இருப்பது நல்லது.

மறுநாள் அந்தப் பையன் ஒரு பை நிறைய மண் கொண்டுவந்தான். சலித்தோம். ஓட்டுத்துண்டு, வைக்கோல், ஜரிகை நூல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் வந்தன. (உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு கிடந்தால் பிள்ளைகளைக் கிட்டேயே விடாதீர்கள்.) சலித்த மண்ணை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றி, சிட்டிகை உப்பிட்டுக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் படிந்தது. வண்டல் மெல்ல இறங்கியது. களி படிய மறுநாள் ஆயிற்று. அளவுகோல் வைத்துப் பார்த்தால் மணல் கால் பங்குகூட இல்லை.

"சுவருக்கு ஆகாது. மணல் சேர்த்து, கல் அறுத்து, பொறியாளரிடம் சோதித்த பிறகுதான் யோசிக்கலாம்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. விழுந்த சுவரின் கீழ் அவனும் தங்கையும் தினமும் படுத்திருந்தவர்கள். அதனால் நான் இளகவில்லை.

அவன் அப்பா சுவரைச் செங்கல்லில் எழுப்பினார். சலித்த மண்ணை முற்றத்துப் பள்ளத்தில் கொட்டி, தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காகத் திமிசு போட்டார்.

"பாதி லாரிதான் சார் வெளிய போச்சு" என்றான் பையன். கூடவே, "சலிச்சு மிஞ்சின ஓட்டுத்துண்ட என்ன பண்றதுங்க?" என்றும் கேட்டிருக்கிறான். அதற்கு இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.