நோவும் மூச்சும்

அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கைக்குக் கொண்டுவரப்பட்ட நோயாளியின் அருகில் இருப்போர்க்குப் பேராறுதல் அளிக்கும் காட்சி ஒன்று உண்டு. அதுகாறும் முனகிக்கொண்டிருந்தவர், ஊசி போட்ட சிறிது நேரத்தில் கண்ணயர்ந்து, குறட்டை விட்டு உறங்குகிறார். 'பாவம், தூங்கட்டும், எழுப்பாதீர்கள்' என்று ஒருவர்க்கொருவர் சைகை காட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது நல்ல உறக்கமே. சிற்சில வேளைகளில் அது உறக்கமே அன்று. நோவு தணிக்கக் கொடுத்த மருந்து மூச்சையும் தணித்துக்கொண்டிருக்கும் நிலை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவர்க்கு இது எதற்கு என்று கேட்கலாம். வீட்டில் ஒருவருக்கு அறுவை நடந்தால், பெரியவர்கள் பகலெல்லாம் அலைந்து ஓய்ந்தபின், இரவில் கட்டிலருகே துணைக்கு உட்காருவது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைதானே!

முதலில் மருந்தைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினியாகிறது. (குருமாவுக்கு அரைக்கும் கசகசா அச்செடியின் விதையே, அதனைக் கண்டு எவரும் அஞ்ச வேண்டா.) 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செர்ட்டூர்னர் என்னும் ஜெர்மானிய இளைஞர், மருந்துக் கடையில் பணியாற்றிக்கொண்டே, அபினியின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். கிரேக்கர்களின் கனவுத் தெய்வத்தின் பெயரால் அதற்கு மார்பின் என்று பெயர் வந்தது. இன்று அறுவைக் கூடங்களில் மிகுதியாக வழங்கும் பென்டனில் 1960-இல் பெல்ஜியத்தில் உருவாக்கப்பட்டது. மார்பினைவிட அது ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது.

இம்மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன? நம் மூளையிலும் தண்டுவடத்திலும் இவற்றிற்கென்றே அமைந்த ஏற்பிகள் இருப்பதை 1973-இல் ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். ஏற்பியைப் பூட்டென்றும் மருந்தைச் சாவியென்றும் கொள்ளுங்கள். வலிச் செய்தி செல்லும் வழியில் பூட்டுகள் உள்ளன. அதே பூட்டுகள், மூச்சை ஆளும் முகுளப் பகுதியிலும் உள்ளன. சாவிக்கு எந்தப் பூட்டைத் திறக்கலாம், எதைத் திறக்கலாகாது என்று தெரியாது. அல்லல் அனைத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

மூச்சுவிடத் தூண்டுவது எது என்று தேர்வில் கேட்டால், பிராணவாயுக் குறைவு என்றே பெரும்பாலான மாணவர் எழுதுவர். அன்று. இயல்பான நிலையில், இரத்தத்தில் கரியமில வாயு சிறிது மிகுவதே முகுளத்தைத் தட்டி எழுப்புகிறது. அபினி வகை மருந்துகள் இத்தட்டலை உணராதவாறு முகுளத்தை மழுங்கச் செய்கின்றன. கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. நோயாளியோ மூச்சுக்குத் திணறவில்லை, தவிக்கவில்லை. ஆஸ்துமாக்காரர் தவிப்பதைக் கண்டு ஓடிச்சென்று உதவுகிறோம். இங்கே தவிப்பு இல்லாமையே ஆபத்து.

வலியும் ஒரு தூண்டுகோலே என்பதை மறக்கலாகாது. கடும் வலியுள்ளவரை வலியே விழித்திருக்கச் செய்து மூச்சு வாங்க வைக்கிறது. வலி திடீரென அடங்கினால், அதுவரை தாங்கிய அதே மருந்து அளவு மிகையாகிவிடலாம்.

அதனால் மருந்தே வேண்டா என்று கூறுவார் சிலர். அக்கூற்றை நான் ஏற்கேன். வயிற்றிலோ மார்பிலோ அறுவை நடந்தவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சிழுக்க மாட்டார், இருமவும் மாட்டார். சளி தேங்கி நுரையீரல் அழற்சி உண்டாகும். மருந்தும் வேண்டும், காவலும் வேண்டும்.

காவலுக்கு வேண்டிய கருவி கைக்கடிகாரம் ஒன்றே. நோயாளியின் மார்பையோ வயிற்றையோ பார்த்து, முழுமையாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் சோம்பல் இங்கே உதவாது. ஏனெனில் மூச்சு ஒழுங்கற்று, இடையிடையே நின்று நின்று வரலாம். வளர்ந்தவர்க்கு ஓய்வில் நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை இயல்பு. 10-க்குக் கீழே இறங்கினால் உடனே தாதியை அழைக்க வேண்டும். 8-க்குக் கீழே என்றால் பேராபத்து. எண்ணிக்கை குறையும் முன்பே மயக்கம் மிகுவது வழக்கம். பெயர் சொல்லி அழையுங்கள். கண் திறந்து இரண்டு சொல் பேசினால் நன்று. பேசும்போதே கண் சொருகினால் தாதிக்குச் சொல்லுங்கள். எழுப்பியும் எழாவிடின் கணமும் தாழ்க்கலாகாது. குறட்டையை நிம்மதியின் அடையாளமாகக் கொள்வதும் தவறு. தொண்டைத் தசை தளர்ந்து காற்று வழி குறுகியதன் ஒலி அது. முதல் 24 மணி நேரம் மிகுந்த விழிப்பு வேண்டும். முதியோர், பருத்த உடலினர், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயுள்ளோர், சிறுநீரகம் கெட்டவர், தூக்க மாத்திரையோ மதுவோ பழகியவர் ஆகியோரிடத்தில் பன்மடங்கு வேண்டும்.

விரலில் மாட்டும் சிறு கருவி காட்டும் எண்ணை நம்பலாமே என்பீர்கள். ஜப்பானியப் பொறியாளர் அவோயாகி 1970-களின் தொடக்கத்தில் வகுத்த நெறியில் இயங்கும் அக்கருவியை, 2020-இல் கொரோனாக் காலத்தில் நம்மவர் பலரும் அறிந்துகொண்டனர். அது பிராணவாயுவை அளக்கும். கரியமில வாயுவை அளக்காது. முகமூடி வழியே பிராணவாயு கொடுக்கப்படும்போது, மூச்சு மிகக் குறைந்த பின்னும் கருவி 98 என்று காட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

சரியான அளவே கொடுத்தாலும் தீங்கு நேரலாம் என்பதற்குக் கோடீன் என்னும் மருந்தே சான்று. கோடீன் கல்லீரலில் ஒரு நொதியால் மார்பினாக மாறுகிறது. அந்நொதிக்குரிய மரபணுவைச் சிலர் மிகுதியான படிகளாகப் பெற்றுப் பிறக்கின்றனர்; அவர்கள் உடலில் மாற்றம் மிக விரைவில் நிகழ்ந்து மார்பின் குவிகிறது. டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றிய குழந்தைகள் சிலர், வழக்கமான அளவில் கோடீன் பெற்று, வீட்டில் உறக்கத்திலேயே இறந்தனர். அவ்வறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று 2013-இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து ஆட்சித்துறை எச்சரித்தது. 2017-இல் 12 வயதுக்குட்பட்டோர்க்கு வலிக்கும் இருமலுக்கும் அதனை விலக்கியது. ஒரு பிள்ளைக்கு எழுதித் தந்த மருந்தில் மிஞ்சியதை மற்றொரு பிள்ளைக்குக் கொடுக்கும் நம் வீட்டுச் சிக்கனம் எத்துணைக் கொடியது என்று எண்ணிப் பாருங்கள்.

சில மருத்துவமனைகளில் நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து பெறும் இயந்திரம் உண்டு. மயங்கியவர் கை பொத்தானை நாடாது. அதுவே அதன் காப்பு. அன்பு மிகுதியால் உறவினர் அழுத்தினால் காப்பு போயிற்று.

மூச்சு தளர்ந்துவிட்டால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது பூட்டிலிருந்து மார்பினை வெளியேற்றித் தான் அமர்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் நோயாளி கண் விழிப்பார். ஆனால் அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடங்களே நிற்கும். மார்பினோ அதனினும் நெடுநேரம் உடலில் தங்கும். ஆகவே, விழித்தெழுந்து காப்பி கேட்டவரும் மீண்டும் மயங்கக்கூடும். இரண்டாம் ஊசி தேவைப்படலாம். அடுத்த பல மணி நேரமும் மூச்சை எண்ணிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.