இராணுவச் சட்டத்தின்கீழ் அமிர்தசரசு: எளியோர் நினைவுகள்
(அடி அண்ணாமலையில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாழ்த்துரைகள் பல கேட்டுவிட்டோம். நாம் வேறொன்றைப் பேச விரும்புகிறோம். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 13இல் ஜாலியன்வாலா பாக்கில் நடந்த படுகொலையைப் பள்ளிப் பாடத்தில் படித்திருக்கிறோம். அரசுக் கணக்கில் மாண்டோர் 379 பேர். ஆனால் அந்த அமிர்தசரசு நகரில் குடியிருந்தோர் அந்நாட்களை எவ்வாறு கழித்தனர்?

குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வருவோர் சுடப்படுவர் என்பது ஆணை. ரத்தன் தேவி என்ற பெண்மணி, கணவரின் உடலை எடுத்துச் செல்ல ஒரு கட்டில் வேண்டி மன்றாடினார். ஊரடங்குக்கு அஞ்சி எவரும் வரவில்லை. கையில் ஒரு மூங்கிற்கழியுடன் நாய்களை விரட்டியவாறு விடியுமட்டும் உடலருகே அமர்ந்திருந்தார். இராணுவச் சட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்டதோ அதற்கு இரண்டு நாட்கள் கழித்துத்தான்! பின்னர், ஆங்கிலேயப் பெண் ஒருவர் தாக்கப்பட்ட சந்தில் இந்தியர் வயிற்றால் ஊர்ந்தே செல்லவேண்டும் என்று ஜெனரல் டயர் கட்டளையிட்டார். அச்சந்திலேயே வீடுடையோர்க்கும் அதுவே விதி.

இவற்றை நாம் அறிவது எப்படி? காங்கிரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. காந்தியடிகள் அதில் உறுப்பினர். செயலாளர் கே. சந்தானம், தமிழ்நாட்டில் பிறந்து லாகூரில் வழக்கறிஞராக இருந்தவர். 1,700க்கும் மேற்பட்டோரின் வாக்குமூலங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 650ஐ 1920இல் அச்சிட்டனர். கேட்டு எழுத ஆள் இருந்ததால் அவை நின்றன.

ஊர்ந்து செல்லவேண்டிய அச்சந்தில், துப்புரவுத் தொழிலாளர் வராமையால் கழிப்பிடங்கள் தூய்மையின்றிக் கிடந்தன என்பதும் வெளிவந்தது. வீட்டுக்காரரின் துன்பம் ஏட்டில் ஏறியது. பிறப்பால் அவ்வேலைக்குத் தள்ளப்பட்ட தொழிலாளியின் குடிசையில் அந்த வாரம் அடுப்பெரிந்ததா என்று கேட்க யாருக்குத் தோன்றியிருக்கும்? நமக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் இராணுவச் சட்டம் வந்ததில்லை. எனினும் 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை நெருக்கடி நிலை இருந்தது. பத்திரிகைகள் தணிக்கை செய்யப்பட்டன. 1976 சனவரி 31இல் மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. அன்று இளைஞராய் இருந்தோர் இன்று எழுபதை எட்டிய முதியோர். இந்தக் கிரிவலப் பாதையோரத்திலேயே இருக்கிறார்கள்.

மாணவச் செல்வங்களே, வரும் விடுமுறையில் ஆளுக்கொரு குறிப்பேட்டுடன் உங்கள் தாத்தா பாட்டியிடம் செல்லுங்கள். அன்று கூலி என்ன, யாருக்கு அஞ்சினீர்கள், எதை வெளியில் பேசாதிருந்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள்; இலக்கணம் திருத்தவேண்டாம். அவ்வேடுகளை வைக்க நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு கழகச் செயலாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.