தங்கைக்கு ஏற்ற பெயர்

மூத்தவள் பெயர் தமிழரசி. இரண்டாவதும் பெண் குழந்தை. "தமிழ்ச்செல்வி என்று வைத்தால் பொருத்தமாக இருக்குமே" என்கிறார் பாட்டி. கேட்க இனிமைதான். ஆனால், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலோ கிள்ளான் வரிசை வீட்டிலோ, சமையலறையிலிருந்து "தமிழ்!" என்று அழைத்துப் பாருங்கள். இருவரும் ஓடி வருவார்கள். அல்லது ஒருத்தியும் வரமாட்டாள்!

இன்னொன்றும் உண்டு. நம் பிறப்புப் பத்திரத்தில் பெயர் ரூமி எழுத்தில் பதிவாகிறது. மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கமும் தந்தையின் பெயரும் பின்னால் வரும். அந்தப் பகுதி அக்காள் தங்கை இருவருக்கும் ஒன்றே. பெயரின் தொடக்கமும் ஒன்றானால், கிளினிக்கில் ஒருத்தியின் அட்டையில் மற்றவளின் தடுப்பூசி விவரம் ஏறிவிடக்கூடும்.

அப்படியானால் பொருத்தமே வேண்டாமா? வேண்டும், அதைப் பொருளில் தேடலாம். கயல்விழிக்குத் தங்கை பூங்குழலி: ஒன்று கண்ணழகு, மற்றொன்று கூந்தலழகு. அண்ணன் இளங்கோ என்றால், சிலப்பதிகாரத்தில் வரும் மாதவியின் மகள் மணிமேகலையின் பெயர் பொருந்தும்.

ழகரத்திற்கு ரூமியில் தனி எழுத்தில்லை. மூத்தவளுக்கு எப்படி எழுதினீர்களோ, அப்படியே இளையவளுக்கும் எழுதுங்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் இரு பெயர்களையும் தாளில் எழுதிப் பாருங்கள். உரக்க அழைத்தும் பாருங்கள்.

அழைத்ததும் தன்னைத்தான் என்று இளையவள் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுவே அவளுக்கு ஏற்ற பெயர்.