தரையைத் துடைத்தவர் யார்?

(சைனிக்புரியில் தமிழ்த் தோழர்களின் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புத் தோழர்களே, தோழர்களின் குடும்பத்தினரே, மாடிப்படியில் ஏற்கெனவே தனி மாநாடு நடத்திக்கொண்டிருக்கும் குழந்தைகளே!

குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். அரசியல் தீர்மானத்தை விளக்கச் சொல்லியிருந்தால் அச்சமின்றி எழுந்திருப்பேன். இதற்கு அஞ்சுகிறேன். ஏனெனில் சாட்சிகள் இருவர் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். மகளுக்கு இருபத்தேழு வயது. மகனுக்கு இருபத்து நான்கு. நான் மிகைப்படுத்தினால் இங்கேயே திருத்தம் கொண்டுவருவார்கள். அவர்களுடைய தாயார் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குத் திருத்தம் கொண்டுவரும் வழக்கமில்லை, நேரடியாக நிராகரித்துவிடுவார்.

சைனிக்புரியின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. பெயரே சொல்லிவிடுகிறது: படைவீரர் ஊர். ஓய்வுபெற்ற படையினருக்காகக் கூட்டுறவு முறையில் மனை பிரித்து எழுந்த குடியிருப்பு. என் இணையருக்கு ஈ.சி.ஐ.எல். பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் பணிமாறுதல் கிடைத்தபோது, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரின் வீட்டு மாடியில் குடியேறினோம். காலை எட்டரை மணிக்கு அவர் பேருந்துக்குப் புறப்படுவார். நான் லுங்கியோடு வாசலில் நின்று குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டி வழியனுப்புவேன். இதை இரண்டு மாதம் கவனித்த சுபேதார், ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, “எப்போது வேலைக்குப் போகப்போகிறீர்கள்?” என்று கேட்டார். “நான் மொழிபெயர்ப்பாளன் ஐயா, வீட்டிலிருந்தே வேலை” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “மனம் தளராதீர்கள், விரைவில் ஏதாவது கிடைத்துவிடும்” என்றார்.

கட்சி ஆவணங்களைத் தமிழாக்குவதே அப்போதும் என் பணி. வரைவு அறிக்கைகள் வரும்; நாள் குறித்து வரும். ஒருமுறை கையெழுத்துப் படியைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். அச்சகத் தோழர் தொலைபேசியில் அழைத்தார். “தோழர், பதினான்காம் பக்கத்தில் மூன்று பத்திகளை நீளமாக அடித்து, அருகே வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறீர்களே, அவை நீக்கமா, இணைப்பா?” என்றார். விசாரித்ததில் தெரிந்தது: அது நீக்கமுமன்று, இணைப்புமன்று, மௌலா அலி வழியே செல்லும் ரயில். என் மூன்று வயது மகன் வரைந்தது. வட்டங்கள் சக்கரங்கள்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. எங்கள் உரையாடல்களைக் கேட்டுக் கேட்டு, காலை உணவு உப்புமாவா தோசையா என்பதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்றாள். விட்டோம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோசை வென்றது. மறுநாள் தட்டில் உப்புமா வந்தது. “ஓட்டுப் போட்டோமே!” என்று கொதித்தாள். “மாவு புளிக்கவில்லை கண்ணம்மா, புறநிலைச் சூழல் கனியவில்லை” என்றேன். அவள் சிறிது யோசித்துவிட்டு, “மாவை நேற்று யார் அரைத்திருக்க வேண்டும்?” என்று கேட்டாள். அரைத்திருக்க வேண்டியவன் நான். தோழர்களே, பொறுப்பை நிர்ணயிக்காமல் சூழலின் மேல் பழி போடும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

நான் வீட்டிலேயே இருந்ததால் குழந்தைகளை நான் வளர்த்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். நான் வீட்டில் இருந்தேன் என்பதைவிட மேசையில் இருந்தேன் என்பதே சரி. குழந்தைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொண்டவர் நேரேட்மெட் பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மையார். பாலமூர் பகுதியிலிருந்து கட்டுமான வேலைக்காகப் பிழைக்க வந்த குடும்பம். என் பிள்ளைகள் அவரைப் ‘பெத்தம்மா’ என்று அழைத்தார்கள். தெலுங்கில் பெரியம்மா. நானும் அப்படியே சொல்கிறேன்.

பெத்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் மகனுக்கு அப்போது தெலுங்கு தெரியாது. முதல் நாள் அவனைச் சாப்பிட அழைத்து, “கூர தின்டாவா?” என்று கேட்டார். தெலுங்கில் ‘கூர’ என்றால் குழம்பு, கறி. நம் பேச்சுத் தமிழிலோ ‘கூர’ என்றால் வீட்டின் மேலே இருப்பது. அவன் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தான். பிறகு என்னிடம் ஓடிவந்து, “அப்பா, பெத்தம்மா கூரையைத் தின்னச் சொல்றாங்க” என்று அழுதான். தமிழில் முதுகலை படித்த நான் சிரித்துக்கொண்டே இரு மொழிகளின் உறவு குறித்து அவனுக்கு விளக்கவுரை ஆற்றினேன். பெத்தம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுபோய், சோற்றில் கறியைப் பிசைந்து ஊட்டிவிட்டார். விளக்கவுரையைவிட அதுவே விரைவில் புரிந்தது.

புறநானூற்றின் 188ஆம் பாடலை நீங்கள் அறிவீர்கள். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. உணவைத் தொட்டும் துழாவியும் நெய்ச்சோற்றை உடலெங்கும் பூசிக்கொண்டும் பெற்றோரை மயக்கும் மக்கட்பேறு இல்லாதவர்களுக்கு, எத்தனை செல்வம் இருந்தாலும் வாழ்நாளில் பயனில்லை என்கிறார் அரசர். கல்லூரியில் நான் நயம் பாராட்டி எழுதி மதிப்பெண் பெற்ற பாடல் அது. பிள்ளை பெற்ற பிறகுதான் அதில் விடுபட்டிருப்பது என்னவென்று புரிந்தது. அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியவர் யார்? சோறு சிந்திய தரையைத் துடைத்தவர் யார்? பாடியவர் அரசர், அரசருக்கு அந்தக் கேள்வி எழ வேண்டிய தேவை இல்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்.

நம் ஆசானின் வீட்டையும் எண்ணிப் பாருங்கள். லண்டன் டீன் தெருவில் நெருக்கடியான இருப்பிடம். நாற்காலிகளை வண்டியாகப் பூட்டி, தந்தையைக் குதிரையாக்கி, மூன்று பிள்ளைகள் பின்னால் அமர்ந்து சாட்டை வீச, ‘லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர்’ நூலின் சில இயல்கள் எழுதப்பட்டன என்று குடும்பத்தில் வழங்கிய கதையை மகள் எலியனார் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த நூலை மேற்கோள் காட்டும் தோழர்கள், எழுதியவரின் முதுகில் சாட்டை விழுந்துகொண்டிருந்ததையும் நினைவில் கொள்ளலாம். அதே இல்லத்தில் 1852ஆம் ஆண்டு கைக்குழந்தை பிரான்சிஸ்கா இறந்தபோது, சவப்பெட்டி வாங்கக் கடன் பெற வேண்டியிருந்தது. சிரிப்பும் வறுமையும் ஓரறையில் வாழ்ந்தன.

அந்த வீட்டில் இன்னொருவர் இருந்தார்: ஹெலன் டேமுத். 1845 முதல் அக்குடும்பத்தின் சமையலையும் துவையலையும் கடனையும் அடகுக்கடையையும் சுமந்தவர். பிள்ளைகளுக்கு அவர் ‘லென்ஷென்’. 1890இல் மறைந்தபோது மார்க்சின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அவருக்கு 1851இல் பிறந்த மகன் பிரெடெரிக்கோ வேறொரு தொழிலாளர் குடும்பத்தில் வளர்ந்தான். அவன் யாருடைய மகன் என்ற ஆராய்ச்சி இன்று என் நோக்கமன்று. பிறர் பிள்ளைகளை வளர்த்தவரின் பிள்ளை எங்கே வளர்ந்தான் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வியை நான் நூலில் கற்கவில்லை. ஒருமுறை பெத்தம்மா தொடர்ந்து மூன்று நாட்கள் வரவில்லை. முதல் நாள் எரிச்சலடைந்தேன். ஆவணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உழைப்பாளரின் விடுப்பு உரிமை குறித்த பத்தியைத் தமிழாக்கிக்கொண்டே, அவர் விடுப்பு எடுத்ததற்காக முணுமுணுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் நாள் வீடு தேடிப் போனேன். கூரையாக நீலநிற பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் செங்கற்கள். வாசலில் எட்டு வயதுச் சிறுமி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தம்பியின் கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கும்போது கொட்டிவிட்டதாம். இறக்கியவள் அந்தச் சிறுமி. தாய் அப்போது எங்கள் வீட்டில் என் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.

தாய் மருந்து வாங்கப் போயிருப்பதாகச் சொன்ன சிறுமி, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “கூரையைத் தின்னச் சொன்னதாக அழுத பையனின் அப்பாவா நீங்கள்?” என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தாள். ஒவ்வோர் இரவும் பெத்தம்மா என் பிள்ளைகளின் குறும்புகளைத் தம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிவந்திருக்கிறார். தம் பிள்ளைகளின் குறும்புகளைப் பார்க்க அவருக்குப் பகல் இல்லை. இவ்வளவு நாள் எங்கள் வீட்டுச் சிரிப்பு எந்த வீட்டுச் செலவில் நடந்தது என்பது அன்று எனக்கு விளங்கியது.

நாங்கள் செய்தது என்ன? மருத்துவச் செலவை ஏற்றோம்; ஊதியத்தை உயர்த்தினோம்; வார விடுப்பை வரையறுத்தோம். சிறுமியை அரசுப் பள்ளியில் சேர்த்தோம். மனம் நிறைந்து திரும்பினோம். இரண்டே வாரத்தில் அவள் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள். ஏனென்றால், தம்பியை விட்டுவந்த அங்கன்வாடி நண்பகல் கடந்ததும் மூடிவிடும். தாய் திரும்புவது மாலை ஆறு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் அவனை யார் பார்ப்பது? நல்ல மனம் படைத்த ஒரு குடும்பத்தால் அந்த இடைவெளியை அடைக்க முடியவில்லை. பிறகு பெத்தம்மா தம் மகனையும் எங்கள் வீட்டுக்கே அழைத்துவரத் தொடங்கினார். என் மகனும் அவனும் சேர்ந்து அடுத்த வரைவு அறிக்கையில் இரட்டை ரயில்பாதை போட்டார்கள். சிறுமி மறு ஆண்டுதான் மீண்டும் பள்ளிக்குப் போனாள். அவள் இழந்த ஓராண்டுக்கு எங்களிடம் ஈடு இல்லை.

தோழர்களே, சட்டத்தைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில், 30 பேருக்கு மேல் பெண்கள் வேலைசெய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதி இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் காப்பகத்துக்கு இடமளித்தன. 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் காப்பகம் கட்டாயமாயிற்று. இவற்றைப் பெறவும் காக்கவும் போராட வேண்டியதே. ஆனால் பெத்தம்மாவின் பணியிடம் எது? என் சமையலறை. அங்கே பணியாளர் எத்தனை பேர்? ஒருவர். ஐம்பது வீடுகளில் ஐம்பது பெண்கள் வேலை செய்தாலும், சட்டத்தின் கணக்கில் அவர்கள் ஐம்பது பேர் அல்லர், ஐம்பது ‘ஒருவர்’கள்.

ஆகவே காப்பகம் முதலாளியின் வாசலில் மட்டும் இருந்தால் போதாது. தொழிலாளி வாழும் தெருவில் இருக்க வேண்டும். அதற்கான அடித்தளம் இருக்கிறது. 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. அந்த அங்கன்வாடியை முழுநாள் காப்பகமாக்க வேண்டும்; அங்கே உழைக்கும் பெண்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும். அரசு அவர்களுக்குத் தருவது ஊதியமன்று, ‘மதிப்பூதியம்’. மதிப்பும் குறைவு, ஊதியமும் குறைவு. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் இங்கே தெலங்கானாவிலும், அவ்வாண்டின் டிசம்பரில் ஆந்திராவிலும் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கை நம் பிள்ளைகளின் கோரிக்கை. பெத்தம்மாவின் மகளுடைய கோரிக்கை. குழந்தைகள் காப்பகத்தையும் பொது உணவகத்தையும் புதிய சமுதாயத்தின் தளிர்கள் என்று லெனின் 1919இல் எழுதியதன் பொருளை எனக்கு விளக்கியது அந்த நீலநிற விரிப்புக் கூரைதான்.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததைக் கண்டு பொறாத ஆண்கள், தமக்கும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டார்கள் போலும். காப்பகம் வரும்வரை காத்திருக்காமல் நாம் இன்றே செய்யக்கூடியது இங்கே இருக்கிறது. கிளைக் கூட்டத்தை மாலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு, பெண் தோழர்கள் ஏன் வரவில்லை என்று அறிக்கையில் கவலைப்படுகிறோம். ஏழு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்பதை எந்தக் கிளைச் செயலாளரும் அறியாதவர் அல்லர். கூட்டத்துக்குத் தலைமை யார் என்று முடிவுசெய்யும்போதே, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆண் தோழர் யார் என்பதையும் முடிவுசெய்யுங்கள். குறிப்பேட்டில் இரண்டு பெயரையும் எழுதுங்கள்.

நேரமாகிவிட்டது. நான் பேசிய இந்த நேரம் முழுவதும் மாடிப்படியில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இரு பெண் தோழர்கள். அவர்கள் இந்த உரையைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்றும் சொல்லலாம். ஆனால் அடுத்துப் பேசவிருக்கும் தோழரின் உரையைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. எனவே, தலைவரின் அனுமதியோடு நான் மாடிப்படிக்குப் போகிறேன். ஒருவரால் சமாளிக்க முடியாத கூட்டம் அது. முன்வரிசையிலிருந்து ஆண் தோழர் ஒருவர் என்னோடு எழுந்து வருமாறு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.