நாளுக்குப் பெயர் வைப்பது யார்?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

டிசம்பர் 2-ஆம் தேதி நம் நாட்டில் ஒரு தினம் அனுசரிக்கப்படுகிறது. அதன் பெயர் 'தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினம்'. அது எதற்காக வந்தது? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவு. போபால் நகரில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்ற விஷவாயு கசிந்தது. ஆலையை ஒட்டிய குடிசைகளில் தூங்கிக் கொண்டிருந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். லட்சக்கணக்கானோர் கண்ணும் நுரையீரலும் கெட்டு நோயாளிகளாயினர். 1989-ல் 47 கோடி டாலருக்கு நஷ்டஈட்டுக் கணக்கு முடிக்கப்பட்டது. குற்ற வழக்கில் 7 பேருக்கு 2 ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்தது 2010-ல்! அவர்களுக்கு அன்றே ஜாமீனும் கிடைத்தது. ஆலையில் தேங்கிக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு அந்த ஊரை விட்டு அகன்றது 2025 ஜனவரியில்தான்.

இவ்வளவும் நடந்த இரவின் நினைவுதான் அந்தத் தினம். ஆனால் அதன் பெயரில் போபால் இல்லை. செத்தவர் இல்லை. கம்பெனி இல்லை. 'மாசு' மட்டுமே இருக்கிறது! நம் பிள்ளை அன்று பள்ளிக்கூடத்தில் மரம் வரைந்து பரிசு வாங்கி வரலாம், போபால் என்ற சொல்லைக் காதால் கேட்காமலே!

சகோதரர்களே! பெயர் என்பது சாதாரண விஷயமல்ல. நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டு, வரலாற்றில் 'துக்க ஆண்டு' என்றே குறிக்கப்படுகிறது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18-ல், மழை பொய்த்து மண் சாம்பலாய்ப் பறந்தது. அந்த ஆண்டுக்கு 'ஆமுர் ரமாதா', சாம்பல் ஆண்டு என்று பெயர் நின்றது. 'உணவுச் சிக்கன ஆண்டு' என்று யாரும் பூசி மெழுகவில்லை!

இன்றைய உலகத்தைப் பாருங்கள். 1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஐ.நா. சபை ஏப்ரல் 7-ஐ நினைவு நாளாக அறிவித்தபோது 'ருவாண்டா இனப்படுகொலை' என்று மட்டும் சொன்னது. 'எல்லோரும் எல்லோரையும் வெட்டிக் கொண்டார்கள்' என்று மழுப்புவோருக்கு அது வசதியாகப் போயிற்று. 2018-ல் பெயர் மாற்றப்பட்டது. 'டுட்ஸி மக்களுக்கு எதிரான 1994 இனப்படுகொலை' என்று தெளிவாக எழுதப்பட்டது. அந்தக் கொலைகளை எதிர்த்த ஹூட்டுக்களும் கொல்லப்பட்டார்கள். அவர்களையும் மறக்கக் கூடாது. ஆனால் யாரைக் குறிவைத்து அந்தக் கொடுமை நடந்தது என்பதை இனி மறைக்க முடியாது.

அடுத்து போஸ்னியாவுக்கு வாருங்கள். ஸ்ரெப்ரெனிகா நகரைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று 1993-ல் ஐ.நா.வே அறிவித்தது. 1995 ஜூலை 11-ல், ராட்கோ மிலாடிச்சின் போஸ்னிய செர்பியப் படை அந்நகரைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று குவித்தது. பிறகு புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றியது. ஒரே மனிதனின் எலும்புகள் பல குழிகளில் கிடைத்த கொடுமையும் உண்டு. இன்றும் ஜூலை 11 வந்தால், புதிதாக அடையாளம் தெரிந்தவர்களை பொடோசாரி மைதானத்தில் அடக்கம் செய்கிறார்கள்.

உடலை மறைத்தாயிற்று. அடுத்து பெயரையும் மறைக்க வேண்டுமல்லவா? 'போரில் நடந்த துயரம்' என்றார்கள். ஆனால் ஹேக் நகரின் போர்க்குற்ற நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றது. 2007-ல் சர்வதேச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2024 மே மாதம் ஐ.நா. பொதுச் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 19, நடுநிலை 68. 'ஸ்ரெப்ரெனிகா இனப்படுகொலை' என்ற சொல்லுடனேயே ஜூலை 11 நினைவு நாளாயிற்று. ஒரு பெயருக்கு 29 ஆண்டுகள்!

அந்தத் தீர்மானத்தில் இன்னொரு வாசகமும் உண்டு. குற்றம் தனி மனிதர்களுடையது. அதை எந்த இனத்தின் மீதும் மதத்தின் மீதும் சுமத்தக் கூடாது என்கிறது. செர்பியத் தாய் இன்று பெற்ற பிள்ளை குற்றவாளியல்ல. குற்றத்தின் பெயரைச் சொல்வது வேறு, ஒரு சமூகத்தின் நெற்றியில் பச்சை குத்துவது வேறு. நினைவு நாள் பகை வளர்க்கும் நாளாகிவிட்டால், செத்தவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது துரோகம் அது.

இதே அளவுகோல் நம் பக்கமும் திரும்ப வேண்டும். 2014 ஆகஸ்ட் 3-ல் இராக்கின் சிஞ்சாரில் யஸீதி மக்களைக் கொன்று, பெண்களை அடிமைச் சந்தையில் விற்றவர்கள், நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டுதான் அதைச் செய்தார்கள். அதையும் இனப்படுகொலை என்றே நாம் சொல்ல வேண்டும். அங்கே நா கூசினால், ஸ்ரெப்ரெனிகாவுக்காகக் கண்ணீர் வடிக்க நமக்கு என்ன தகுதி இருக்கிறது? வியாபாரிகளே, வாங்கும்போது ஒரு படிக்கல், விற்கும்போது ஒரு படிக்கல் வைத்தால் அது மோசடி என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, நாம் என்ன செய்வது? ஐ.நா. சபையில் நமக்கு ஓட்டு இல்லை. கடைக்கு வரும் தினசரி காலண்டர் கட்டிலும் எல்லோருக்கும் ஒரே தாள்தான். ஆனால் பேனா நம் கையில் இருக்கிறது! டிசம்பர் 2-ஆம் தேதித் தாளில் 'போபால்' என்று உங்கள் கையால் எழுதி வையுங்கள். கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கையாளர், 'பாய், இது என்ன?' என்று கேட்பார். சாமானைக் கட்டிக் கொண்டே சொல்லுங்கள், அந்த இரவில் என்ன நடந்தது என்று.

இளைஞர்களே! நீங்கள் அதை உங்கள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர்கள் மரம் வரையட்டும். அதன் கீழே ஊரின் பெயரையும் எழுதட்டும்.